மல்லிகை மலர்வதே மாலையில்தான்: ஓர் அத்தர் விளம்பரம் செய்த கதை

போன மாசியில் மதுரையில் ஓர் அத்தர் கடைக்காரர் கூப்பிட்டார். மூன்று தலைமுறையாக நடக்கும் சின்னக் கடை. தாத்தா காலத்தில் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் வரைக்கும் ரயிலேறிப் போய், செம்புப் பானையில் வடித்த அத்தரை வாங்கி வந்து விற்றிருக்கிறார்கள். இப்போது புதிதாக 8 மில்லி ரோல்-ஆன் குப்பியில் மல்லிகை மணம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஆல்கஹால் இல்லாத எண்ணெய்க் கலவை. உரிமம் உள்ள ஓர் ஆலையில் அடைத்து வாங்குகிறார். அதற்கு ஏ5 அளவில் ஒரு நோட்டீஸ், கடை வாசலில் நிறுத்த ஒரு ஸ்டாண்டி, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம், மூன்றும் வேண்டும்.

"யாருக்காக பாய் இது?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான்மா. மல்லிப்பூ யாருக்குப் பிடிக்காது?"

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் என்று தொடங்கினால் என்னால் ஒரு கோடுகூடப் போட முடியாது. எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், படத்தில் யார் இருக்க வேண்டும், காகிதத்தை எங்கே கொடுப்பது என்று ஒவ்வொன்றும் "யாருக்கு" என்பதிலிருந்துதான் வரும். இரண்டு நாள் கடையில் உட்காரட்டுமா என்று கேட்டேன். ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளியும் சனியும் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் ஆண்கள் வந்தார்கள்; அவர்களுக்குப் பேர் சொல்லி வாங்கும் அத்தர் இருக்கிறது, புதியது எதையும் கேட்கவில்லை. காலேஜ் பையன்கள் கூட்டமாக வந்து கை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த குடும்பங்கள் ஜவ்வாது டப்பா வாங்கின. மல்லிகைக் குப்பியைக் கையில் எடுத்து நின்றவர்கள் பெரும்பாலும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்கள். தோளில் பை, கையில் மடக்குக் குடை. மூடியைத் திறந்து முகர்ந்து, கண்ணை ஒரு நொடி மூடி, பிறகு ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "வெயில்ல போட்டா தலை வலிக்குமா?" பதில் வருவதற்குள் குப்பியை வைத்துவிட்டு நகர்ந்தவர்களும் உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் முடிவு செய்துவிட்டேன். வேலைக்குப் போகிற, பஸ்ஸில் போய் வருகிற, நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள். பாய் கொஞ்சம் தயங்கினார். "அந்த வயசுக்காரங்க செண்டு போடுவாங்களாம்மா?" என்றார். அவர்களுக்கென்று இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையே பாய், சொல்லிப் பார்ப்போம் என்றேன். சரி என்றார்.

அடுத்த வாரம் பதினொரு பெண்களிடம் பேசினேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். இரண்டு ஆசிரியைகள், ஒரு நர்ஸ், ஜவுளிக்கடை பில் கவுண்டரில் இருப்பவர், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், ஊறுகாய் பேக்கிங் பிரிவில் மேற்பார்வை பார்ப்பவர், இப்படி. கேள்வித்தாள் எதுவும் கொண்டுபோகவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் ஒரு நாளை எனக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். வாசனை எங்கே வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவர்கூட, அடுத்தவரைக் கவர்வது பற்றிப் பேசவில்லை. வாசனைத் திரவிய விளம்பரங்களில் பல அந்த ஒரு விஷயத்தில்தான் ஓடுகின்றன. 2022 ஜூன் மாதம் ஒரு பாடி ஸ்ப்ரே விளம்பரம் பெண்களைப் பயமுறுத்தும் விதத்தில் இருந்ததால், மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே அதை இணையத்திலிருந்து நீக்கச் சொன்னது. அதை நினைவு வைத்திருந்தார் ஆசிரியை ஒருவர். "என் பொண்ணு வயசுப் பிள்ளைய அப்படிப் பயந்து நிக்க வச்சு எதை விக்கிறாங்க?" என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. எனக்கும் கோபம் வந்தது. அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவர்கள் பேசியது வியர்வை பற்றி. பஸ்ஸில் கை தூக்கிக் கம்பியைப் பிடிக்கக் கூச்சமாக இருப்பது பற்றி. காலையில் வைத்த பூ மத்தியானத்துக்குள் வதங்கிப் போவது பற்றி. நர்ஸ் அக்காவுக்கும் ஊறுகாய்க் கம்பெனி அக்காவுக்கும் வேலை நேரத்தில் பூ வைக்கவே அனுமதி இல்லை. வேலை முடிந்ததும் கை கழுவி, தலையைச் சரிசெய்து, வாசலுக்கு வந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை நாலைந்து பேர் தனியாகக் குறிப்பிட்டார்கள். "ஆபீஸுலயும் நான் இல்ல, வீட்டுலயும் நான் இல்ல. பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்பதான் நான் நானா இருப்பேன்" என்றார் பில் கவுண்டர் அக்கா. இதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

இன்னொருவர் சொன்னதை எழுதவே கை வரவில்லை. கணவர் இறந்து ஆறு வருடம். "பூ வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. வச்சா பாப்பாங்கல்ல. அந்தப் பார்வைக்கே விட்டுட்டேன். ஆனா அந்த வாசனை இல்லாம சாயங்காலம் சாயங்காலமாவே இல்ல." ஒரு பெண்ணிடமிருந்து பூவைப் பறிக்கும் அந்தப் பார்வையை நான் மனதார வெறுக்கிறேன். அதே சமயம், அவருடைய துக்கத்தை எடுத்து ஒரு குப்பியை விற்கவும் எனக்கு உரிமை கிடையாது. அவர் சொன்னதிலிருந்து ஒரே ஒரு முடிவை மட்டும் எடுத்தேன். படத்தில் தலையில் பூ வைத்த பெண் வரமாட்டார். தாலி, குங்குமம் எதுவும் தெரியாது. யார் பார்த்தாலும் தன்னை அதற்குள் வைத்துப் பார்க்க முடிய வேண்டும்.

இவ்வளவு தெளிவாக முடிவு எடுத்த பிறகும் முதல் வடிவம் சொதப்பியது. நேரம் நெருங்குகிறது என்று ஊதா நிறப் பின்னணி, தங்க நிற எழுத்து, நடுவில் குப்பி, அதன் அடியில் மல்லிகைக் குவியல் என்று ஒன்றை முடித்து, பிரிண்ட் எடுத்து நாலு பேரிடம் காட்டினேன். குப்பியைக் கையால் மூடிக்கொண்டு, "இது என்ன விளம்பரம்?" என்று கேட்டேன். மூன்று பேர் "ஊதுபத்தி" என்றார்கள். ஒருவர் "தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்" என்றார். அப்புறம் யோசித்தால் சரிதான். பூக்குவியல் என்பது நம் ஊரில் ஊதுபத்தி அட்டைக்கும் கூந்தல் எண்ணெய்க்கும் எழுதிக் கொடுத்த சொத்து. ஊதாவும் தங்கமும் பார்த்த ஆசிரியை, "கல்யாணப் பொண்ணுக்கா?" என்று கேட்டார். இந்தக் கையால் மூடிக் கேட்கும் பரீட்சையை யாரும் செய்து பார்க்கலாம். குப்பியை மறைத்தால் மீதி என்ன சொல்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

அந்த வடிவத்தை முழுக்கத் தூக்கிப் போட்டேன்.

வாசகம் கிடைத்தது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில். படம் எடுக்கப் பூ வாங்கலாம் என்று விடிகாலையில் போயிருந்தேன். பூ விரிந்ததாக வேண்டும் என்று கேட்டதற்கு, பூக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்நேரம் எப்பிடித்தா விரியும்? காலையில மொட்டாத்தான் வரும். அது சாயங்காலம்தான் வாயத் திறக்கும்."

இது எனக்குத் தெரியாததல்ல. நம் எல்லோருக்கும் தெரிந்தது. குண்டுமல்லி விடிகாலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் இதழ் விரித்து மணத்தை விடும். ஆனால் வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்த அக்காவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மேல் சிலிர்த்தது. டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போதே போனில் எழுதிவிட்டேன்.

மல்லிகை மலர்வதே மாலையில்தான்.

நாளின் மாலை, வயதின் மாலை இரண்டும் அதில் இருக்கிறது. வயதைக் குத்திக் காட்டுவதாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருந்தது. அதனால் பதினொரு பேருக்கும் குரல் பதிவாக அனுப்பிக் கேட்டேன். நர்ஸ் அக்கா சிரித்துக்கொண்டே, "எங்க வயசத்தான சொல்றே? சொல்லு சொல்லு, நல்லாத்தான் இருக்கு" என்று பதில் அனுப்பினார். ஒருவர் மட்டும் "தான்" வேண்டாமே, "மல்லிகை மலர்வது மாலையில்" என்று இருக்கட்டுமே என்றார். இரண்டையும் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "தான்" போனால் அது தாவரவியல் பாடமாகிவிடுகிறது. அந்த ஏகாரமும் "தான்"-உம் சேர்ந்துதான் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்கிற தொனியைக் கொடுக்கின்றன. வைத்துக்கொண்டேன்.

அதன் கீழே இரண்டே வரி: "பஸ்ஸுக்கு நிற்கும் அந்தப் பத்து நிமிடம் உங்களுடையது. மணிக்கட்டில் ஒரு தடவு போதும்." ஒரு தடவு போதும் என்பதுதான் அந்தத் தலைவலிக் கேள்விக்கு என் பதில். தலைவலி வராது என்று எழுத முடியாது. சிலருக்கு எந்த வாசனையும் ஒத்துக்கொள்ளாது. கொஞ்சமாகப் போட்டால் போதும் என்று சொன்னால் உண்மையும் ஆயிற்று, பயமும் குறையும்.

பாய்க்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, "24 மணி நேரம் மணக்கும்" என்று போட வேண்டும். இரண்டாவது, "மதுரை மல்லி" என்று பெரிதாகப் போட வேண்டும்.

முதல் ஆசைக்கு ஒரு சோதனை வைத்தோம். நான், பாய், அவர் மனைவி, கடைப் பையன், என் அக்கா என்று ஐந்து பேர் காலை ஒன்பது மணிக்கு மணிக்கட்டில் ஒரு முறையும், ஒரு துண்டுப் பருத்தித் துணியில் ஒரு முறையும் தடவிக்கொண்டோம். மணிக்கு ஒரு தடவை முகர்ந்து போனில் குறித்தோம். வெயிலில் அலைந்த கடைப் பையனுக்குப் பகல் ஒரு மணிக்கே தோலில் மங்கிவிட்டது. எனக்கு நாலு மணி வரை இருந்தது. துணியில் மட்டும் மறுநாள் காலையும் லேசாக இருந்தது. 2022 ஜூனில் வந்த, தவறான விளம்பரங்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு விதிகளின்படி, சொல்லும் எதற்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நாலு மணிக்கு மணம் போன அக்கா மறுபடி அந்தக் கடைப் படி ஏறமாட்டார். பாய் தன் மணிக்கட்டையே இரண்டு முறை முகர்ந்துவிட்டு, "வேணாம்மா, விட்ரு" என்றார்.

இரண்டாவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேர் இந்த மண்ணில் விளையும் பூவுக்குச் சொந்தம். பாயின் குப்பியில் இருப்பதோ மல்லிகை மணக் கலவை. மல்லிகையைப் பன்னீர் ரோஜாவைப் போல நீராவியில் வடித்தால் மணம் அப்படியே வருவதில்லை. ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கான்க்ரீட் என்று சொல்லும் மெழுகு மாதிரியான பொருளை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவித்தான் அப்சொல்யூட் என்ற அடர்ந்த மணச்சாற்றை எடுக்கிறார்கள். ஒரு கிலோ கான்க்ரீட்டுக்கே நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அது இந்த விலைக் குப்பிக்குள் வர வாய்ப்பே இல்லை. இதைச் சொன்னபோது பாய் என்னைவிட அதிகமாகப் பேசினார். மல்லிகை மணத்தில் இருக்கும், பழ வாசனை அடிக்கும் பென்சைல் அசிடேட் என்ன செய்கிறது, இண்டோல் என்ற இன்னொரு மணப்பொருள் கொஞ்சமாக இருந்தால் பூவுக்கு உயிர் கொடுக்கும், கூடினால் பாச்சை உருண்டை வாடை அடிக்கும் என்றெல்லாம் ஒவ்வொரு குப்பியாகத் திறந்து காட்டினார். எனக்கு அன்றைக்குப் பெரிய பாடம். இண்டோல் இல்லாத கலவையை முகர்ந்தபோது சுத்தமாக, சோப்பு மாதிரி இருந்தது. இருக்கிற கலவைதான் கூந்தலிலிருந்து வரும் பூ மாதிரி இருந்தது. கடைசியில் "மல்லிகை மணம்" என்று மட்டும் போட்டோம். மதுரை என்பது கடை முகவரியில் வருகிறது, அது போதும்.

படத்துக்கு வருகிறேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணை நிறுத்தி எடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் வந்தால் வயது, நிறம், சேலை எல்லாம் வந்துவிடும். பார்ப்பவர் "இது நான் இல்லை" என்று சொல்ல அத்தனை காரணம் கிடைக்கும். அதனால் முகத்தை விட்டுவிட்டுப் பையை எடுத்தேன். திறந்த கைப்பை, மேலிருந்து பார்க்கிற கோணம். உள்ளே டிபன் பாக்ஸ், கண்ணாடிக் கூடு, மடக்குக் குடை, சாவிக்கொத்து, மாத்திரை அட்டை, கசங்கிய பஸ் டிக்கெட், நடுவில் அந்தக் குப்பி. ஓரத்தில் ஒரு கை, வளையல் இல்லாமல், கைக்கடிகாரத்தோடு. கடிகாரத்தில் மணி ஐந்து இருபது.

கடையில் புதுப் பை வாங்கி எடுத்தது பொய்யாக இருந்தது. என் அக்காவின் பழைய பழுப்புப் பையை வாங்கி வந்தேன். வாரில் தோல் உரிந்திருந்த இடத்தைத் துடைத்து மறைக்காமல் அப்படியே விட்டேன். காலிப் பை நிற்காது. மேலிருந்து எடுக்கும்போது வாய் மூடிக்கொள்ளும். அடியில் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, உள்பக்க விளிம்பில் கம்பி வைத்து ஒட்டி நிறுத்தினேன். இரண்டு ஸ்டூல் மேல் பலகை போட்டு, அதிலிருந்து கேமராவைக் கீழ்நோக்கி மாட்டினேன். 50 எம்எம் லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100. வடக்கு ஜன்னல் வெளிச்சம், அதன் குறுக்கே ட்ரேசிங் பேப்பர் கட்டி மென்மையாக்கினேன்.

எல்லாம் சரியாக வந்தது, குப்பியைத் தவிர. 8 மில்லி குப்பி சுண்டுவிரல் அளவுதான். டிபன் பாக்ஸின் எவர்சில்வர் பளபளப்புக்குப் பக்கத்தில் அது மாத்திரை அட்டையோடு மாத்திரை அட்டையாகத் தொலைந்து போனது. உள்ளே இருக்கும் எண்ணெய் இளமஞ்சள். பையின் உள்பக்கக் கறுப்புத் துணி அதற்குள் தெரிந்து, எண்ணெய் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஜன்னல் கம்பி அப்படியே விழுந்திருந்தது.

கண்ணாடிக் குப்பியைப் படம் எடுப்பதில் சூட்சுமம் எல்லாம் இங்கேதான். கண்ணாடியை நாம் பார்ப்பதில்லை. அதற்குள்ளும் அதன் மேலும் விழுகிற மற்றவற்றைத்தான் பார்க்கிறோம். சாக்லேட் சுற்றி வந்த வெள்ளித்தாளைக் குப்பியைவிட ஒரு நூல் சின்னதாக வெட்டி, அட்டையில் ஒட்டி, குப்பியின் முதுகில் செருகினேன். மேலிருந்து வந்த வெளிச்சம் அதில் பட்டு எண்ணெய்க்குள் திரும்பி வந்தது. ஒரே நொடியில் குப்பி விளக்கேற்றியது போல மஞ்சளாக ஒளிர்ந்தது. அந்தக் கணத்தை மறக்கமாட்டேன். இரண்டு பக்கமும் கறுப்புச் சார்ட் பேப்பர் பட்டைகளை நிறுத்தியதும் கண்ணாடியின் விளிம்பு கோடு போட்டது போல எழுந்து நின்றது, ஜன்னல் கம்பியும் மறைந்தது. டிபன் பாக்ஸ் மேல் பவுடரைத் தொட்டுத் தடவிப் பளபளப்பைக் கொன்றேன். குப்பியைச் சாய்த்து வைத்து அதைச் சுற்றி இரண்டு விரல் இடம் காலியாக விட்டேன். மொத்தம் ஒன்றரை நாள். படம் நூற்றுக்கு மேல். கடைசியில் எடுத்துக்கொண்டது இரண்டாம் நாள் காலை பத்தரைக்கு எடுத்த ஒன்று.

குப்பியை அலங்காரம் இல்லாமல் விட்டதில் பாய்க்குக் குறை இருந்தது. 1921-இல் வந்த ஷனெல் நம்பர் 5 என்ற பிரெஞ்சு செண்டுக் குப்பியின் படத்தை எடுத்துக் காட்டினேன்: வெறும் கண்ணாடி, வெள்ளைச் சீட்டு, கறுப்பு எழுத்து. நூறு வருடம் தாண்டியும் அதைப் பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் பாய் என்றேன். ஒத்துக்கொண்டார்.

எழுத்தில் பட்ட பாடு வேறு. இந்த வயதில் பெரும்பாலோருக்குப் படிக்கும் கண்ணாடி உண்டு. பஸ் ஸ்டாப்பில் அது கூட்டுக்குள் இருக்கும். கண்ணாடி இல்லாமல், கை நீட்டிய தூரத்தில் படிக்க முடிய வேண்டும் என்று கணக்கு வைத்தேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அச்சுத் தாளை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். வாசகம் நன்றாகத் தெரிந்தது, கீழ் இரண்டு வரி 11 புள்ளி எழுத்தளவில் கலங்கியது. 14-க்கு ஏற்றினேன். போன் எண்ணை அதைவிடப் பெரிதாக்கினேன். வாசகத்துக்கு நோட்டோ செரிப் தமிழ் எழுத்துரு, சின்ன எழுத்துக்குக் கேட்டமரன் எழுத்துரு. சுழித்துச் சுழித்து வரும் அலங்கார எழுத்துருக்கள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். "மலர்வதே" என்பதில் ர-வும் புள்ளியும் ஒன்றோடொன்று குழம்பின. வேண்டாம் என்று விட்டேன்.

நிறம் இரண்டுதான்: மொட்டின் காம்பில் இருக்கிற பச்சையைக் கொஞ்சம் கருமையாக்கி எழுத்துக்கு, பின்னணிக்குக் காகிதத்தின் வெள்ளையே. திரையில் அழகாக இருந்த அந்தப் பச்சை, நான்கு மை அச்சில் முதல் மாதிரியில் பாசி நிறமாக வந்தது. சிவப்பு மையைக் குறைத்து, கறுப்பைக் கொஞ்சம் கூட்டி, மூன்றாம் மாதிரியில் சரியானது.

அச்சகத்தில் ஒரு விபத்து தப்பியது. நான் கொடுத்த கோப்பை அவர்கள் பழைய மென்பொருளில் திறந்து விளிம்பைத் திருத்தியிருக்கிறார்கள். அதில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகச் சேராது. "மல்லிகை", "மலர்வதே", "மாலையில்" மூன்றிலும் ஐகார, ஏகாரக் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்திருந்தன. மாதிரித் தாளை நேரில் போய்ப் பார்த்ததால் பிழைத்தோம். எழுத்துகளை எல்லாம் வடிவக் கோடுகளாக மாற்றி மறுபடி கொடுத்தேன். தமிழில் வேலை செய்கிறவர்கள் இதை ஒருநாளும் மறக்கக் கூடாது: எழுத்தாகக் கொடுக்காதீர்கள், கோடாகக் கொடுங்கள். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பும் விடுங்கள்.

அதே மாதிரித் தாளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. விலை போட்டிருந்தேன், அளவு போடவில்லை. பொட்டலப் பொருளுக்கு விளம்பரத்தில் விலை சொன்னால் நிகர அளவும் சொல்ல வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் சொல்கிறது. "8 மி.லி." என்பதை விலைக்குப் பக்கத்திலேயே சேர்த்தேன்.

இனி, வாசனை. எவ்வளவு நல்ல படமானாலும் மணக்காது. முகர்ந்தவர்கள்தான் கண்ணை மூடி நின்றார்கள் என்பதைக் கடையில் பார்த்தவள் நான். அதனால் ஒவ்வொரு நோட்டீஸிலும் ஒரு மணச்சீட்டு வைக்கலாம் என்று சொன்னேன். நோட்டீஸின் மூலையில் ஒரு சின்னச் சீட்டை ஸ்டேப்ளர் அடித்து, அதில் ஒரு துளி வைத்தோம். முதல் நூறைச் செய்து அடுக்கி வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் காலையில் பார்த்தால் எண்ணெய் சீட்டைத் தாண்டி ஊறி, ஒவ்வொரு தாளிலும் ரூபாய் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வடை மடித்துக் கொடுத்த தாள் மாதிரி ஆகிவிட்டது. அந்த நூறும் வீண். பூச்சில்லாத தடித்த அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டி, நுனியில் மட்டும் தொட்டு வைத்து, அரை மணி ஆறவிட்டு, சின்ன ஜிப் கவரில் போட்டு ஒட்டியதும் கறை நின்றது. அதற்கு ஆன கூலியும் நேரமும் நோட்டீஸ் அச்சடித்ததைவிட அதிகம். ஆனால் இந்த வேலையில் எதையாவது குறைக்கச் சொன்னால், படத்தைக் குறைத்தாலும் மணச்சீட்டைக் குறைக்கமாட்டேன்.

வாட்ஸ்அப் படம் தனிக் கதை. நின்றவாக்கில் 1080-க்கு 1920. அனுப்பும்போது அது படத்தை நசுக்குவதால் சின்ன எழுத்து புகைந்துவிடும். அதில் வாசகம், குப்பி, போன் எண் மூன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்தேன்.

ஆயிரம் நோட்டீஸ். துணிக்கடைகளில் ஷிஃப்ட் முடியும் நேரம், பள்ளி விடும் நேரம், ஆஸ்பத்திரி வாசல் என்று மாலை நாலரைக்கு மேல்தான் கொடுக்கச் சொன்னேன். கடைப் பையனின் அம்மாவும் அவர் தோழியும்தான் கொடுத்தார்கள். முதல் நாள் நானும் கூடப் போய் நின்றேன். வாங்கிய கையோடு தூக்கிப் போடுவார்கள் என்று நினைத்த இடத்தில், கவரைப் பிரித்து முகர்ந்து, சீட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். தாளைக் கீழே போட்டவர்களும் இருந்தார்கள்; அவர்களும் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று பேர் படத்தைக் காட்டி, "என் பை மாதிரியே இருக்கு" என்றது காதில் விழுந்தது.

பத்து நாள் கழித்து பாய் கூப்பிட்டார். சீட்டைக் கொண்டுவந்து காட்டி "இதுதான் வேணும்" என்று கேட்கிறார்களாம். எத்தனை பேர் என்று கணக்கு வைக்கச் சொல்லியிருந்தேன், அவர் வைக்கவில்லை. இரண்டாம் அச்சுக்கு இன்னும் ஆயிரம் வேண்டும் என்றார். அதில் ஒரே ஒரு திருத்தம். போன் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டவர்களில் பலர் கடை ராத்திரி எத்தனை மணி வரை இருக்கும் என்றே கேட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து, ஊர் போய்ச் சேரும் பஸ்ஸுக்கு முன்னால் வர வேண்டுமே. "இரவு 8.30 வரை" என்று எண்ணுக்குக் கீழே, அதே 14 புள்ளியில் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.